ரோமரும் யாக்கோபும்

ஆசிரியருக்கு,

மீட்புக்கு வழி 'விசுவாசமா, கிரியையா (நற்செயலா)' என்ற விவாதம் வந்தாலே பைபிளில் உள்ள ரோமர் நிருபத்தையும் (கடிதம்) யாக்கோபு நிருபத்தையும் மோதவிடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றை எழுதிய பவுல், யாக்கோபு இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைப்பதை ஆற அமரப் பார்ப்பவர் குறைவு. பவுல் (ரோமர் 4) காட்டுவது ஆதியாகமம் 15: மகன் ஈசாக்கு பிறக்கும் முன்பே ஆபிரகாம் நம்பினான், அது நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு 2-ஆம் அதிகாரம் காட்டுவது ஆதியாகமம் 22-ஐ. அதே ஈசாக்கு வளர்ந்து பலிபீடத்தில் கிடத்தப்பட்ட நாள். விதையும் விளைச்சலும்தான், இதில் சண்டை எங்கே?

பவுல் மறுப்பது யூதச் சடங்கான விருத்தசேதனத்தை (நுனித்தோல் நீக்கம்) காட்டி உரிமை கோருவதை. யாக்கோபு கண்டிப்பது, உடுக்கவும் உண்ணவும் இல்லாதவரை 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் வாழ்த்தி அனுப்புவதை. கடவுள் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார் (2:19). அவற்றிடம் ஒப்புதலும் இருக்கிறது, உணர்ச்சியும் இருக்கிறது, கீழ்ப்படிதல்தான் இல்லை.

கூட்டத்தில் கண்ணீர் வந்தால்தான் விசுவாசம் என்போர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பைப் புரட்டலாம். 1738 மே 24 அன்று இதயம் அனல்கொண்டதாக எழுதியவர், 1739 ஜனவரியில் தாம் கிறிஸ்தவனே அல்ல என்று எழுதினார். ஆனாலும் அந்த ஏப்ரலிலேயே பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1746-ல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார்.

லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் ஒப்பமிட்ட கூட்டறிக்கையும் இதையே சொல்கிறது: மீட்பு கிருபையால், நற்செயல்கள் அதன் கனி. நம் மேடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

– வாசகர், நாகர்கோவில்