கடற்கரையோடு மாதத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைகளின் டிசம்பர் விடுமுறையை முன்னிட்டுத் தங்கள் வார இதழில் வெளியான, கிழக்கிலங்கையின் கடற்கரைகள் பற்றிய கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். பாசிக்குடா, கல்குடா, கல்லடி, அறுகம்குடா ஆகிய இடங்களின் படங்கள் அழகாக வந்திருந்தன. போக்குவரத்து, தங்குமிடம், உணவு பற்றிய விவரங்களும் பயனுள்ளவையே. ஆனால் இந்தக் கடல்களில் எந்த மாதத்தில் இறங்கிக் குளிக்கலாம், எங்கே கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு வரியேனும் இல்லை. பிள்ளைகுட்டிகளோடு வரவிருக்கும் குடும்பங்களுக்கு மற்ற எல்லா விவரங்களுக்கும் முன்பாக அந்த ஒரு வரிதான் தேவை என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் கரைக்கு மழையும் பேரலையும் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகின்றன. நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை, சில வருடங்களில் பெப்ரவரியிலும், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கிறது. அதே காலத்தில் வாவிகள் நிறைந்து, அவை கடலோடு சேரும் முகத்துவாரங்களை மூடியிருக்கும் மணல்திட்டுகள் உடைகின்றன, அல்லது வெள்ளம் வடிவதற்காக வெட்டிவிடப்படுகின்றன. அங்கே வாவி நீர் கடலுக்குள் பாயும் வேகத்தில் தேர்ந்த நீச்சல்காரராலும் கால் ஊன்றி நிற்க முடியாது. மாறாக, கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் மட்டக்களப்புக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். காலி, ஹிக்கடுவைப் பக்கத்தில் இது தலைகீழ்: அங்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இங்கே அமைதி, அங்கே அமைதியாக இருக்கும் மாதங்களில் இங்கே கொந்தளிப்பு. தென்கரையைப் பழகியவர்கள் டிசம்பரைக் கடல் குளிப்புக்கு உகந்த மாதம் என்று எண்ணிக்கொண்டு கிழக்குக்கு வருவதில் வியப்பில்லை. அவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைச் செய்யத்தக்க இடம் பத்திரிகை.

இரண்டாவதாக, ஒரே மாதத்தில்கூட எங்கள் கடற்கரைகள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாசிக்குடாவில், வளைந்த குடாவும் ஆழமற்ற மணற்தரையும் அலையின் வேகத்தைத் தணித்துவிடுகின்றன. அமைதியான பருவத்தில் அங்கே வெகுதூரம் நடந்து போனாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இந்த மாவட்டத்தில் அதைவிடப் பொருத்தமான கடல் இல்லை என்பது என் கருத்து. அடுத்திருக்கும் கல்குடா திறந்த கடலை நோக்கியது, ஆழமும் விரைவாகவே கூடுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடக் கூடாது. கல்லடியிலிருந்து தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி வழியாகக் கல்முனை வரை நீளும் கரையோ வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நீண்ட மணல் மேடு. தடுப்பு ஏதுமின்றி வரும் அலை கரைக்கு மிக அருகிலேயே உடைந்து விழுகிறது. கல்லடிக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குவது போல் இன்பம் வேறில்லை என்று நானும் சொல்வேன், ஆனால் அங்கே குளிக்கும்படி வெளியூரார் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

இத்தகைய திறந்த கரைகளில் உயிரைக் குடிப்பது அலையின் உயரத்தைக் காட்டிலும் திரும்பிப் போகும் நீர்தான். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் நீர், கடலடி மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒன்றுதிரண்டு, ஒடுங்கிய ஓட்டமாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. அந்த ஓட்டத்தின் மேல் அலை அதிகம் உடைவதில்லை. எனவே இரு பக்கமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் மட்டமாக, சற்றுக் கலங்கிய நிறத்தோடு தெரியும்; கடல் பழகாதவர் கண்ணுக்கு அதுவே இறங்குவதற்கு ஏற்ற இடமாகத் தோன்றிவிடுகிறது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்த முயன்றால் களைத்துப் போவார். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாதவர் பதறாமல் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரையில் நிற்பவர்களும் உணர்ச்சி வேகத்தில் கடலுக்குள் பாயக் கூடாது. ஒரு கயிற்றையோ, மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கலனையோ எறிந்துவிட்டு, அருகிலுள்ள மீனவர்களைக் கூப்பிட்டு, 119 இற்கு அறிவிக்க வேண்டும். இதையெல்லாம் எங்கள் பாடசாலைகளில் கற்பிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனவருத்தம்.

அறுகம்குடாவைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பொத்துவிலுக்கு அருகிலுள்ள அந்தக் குடாவுக்கு உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் வருவது ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரையில்தான், அதாவது பாசிக்குடா அமைதியாக இருக்கும் அதே மாதங்களில். இந்து சமுத்திரத்தின் தெற்கே தொலைவில் எழும் நீண்ட அலைகள் அங்குள்ள முனையைச் சுற்றி வளைந்து, ஒரே சீராக உடைந்து ஓடுகின்றன. கிழக்கில் கடல் அடங்கியிருக்கும் பருவம் என்று பொதுவாகச் சொல்வது அறுகம்குடாவின் முனைக்குப் பொருந்தாது. அலைச்சறுக்குப் பழகாதவர்கள் முனைப்பக்கத்தைத் தவிர்த்துவிட்டு, எங்கே இறங்கலாம் என்று அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டுரையில் இடம்பெறாத சிலவற்றையும் குறிப்பிட விரும்புகிறேன். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெருந்திரளான அடியார்கள் கூடும் திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் கடற்கரை, இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி, கதிர்காமப் பாதயாத்திரையினர் தங்கிச் செல்லும் உகந்தை முருகன் கோயிலை ஒட்டிய பாறைகள் நிறைந்த கரை ஆகியவை நின்று பார்க்கவேண்டிய இடங்கள். மாரி காலத்தில் வருபவர்கள் மட்டக்களப்பு முகத்துவாரத்தில் 1913 ஆம் ஆண்டு கட்டப்பட்ட வெளிச்சவீட்டையும் பார்த்துச் செல்லலாம்.

கரை என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒலுவில் துறைமுகம் அமைந்த பின்னர், கரையோரமாக நகரும் மணல் தடைப்பட்டு, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கங்களில் கடல் நிலத்தை அரித்துச் சென்றதை அம்பாறை மாவட்ட மக்கள் கண்ணீரோடு பார்த்தார்கள். முன்பு சரிவாக இருந்த இடம் இன்று செங்குத்தாக வெட்டுண்டு கிடக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் குளித்த நினைவை நம்பி எவரும் இறங்காமல், கரைவலை இழுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கினால் பல உயிர்கள் மிஞ்சும்.

2004 டிசம்பர் 26 இன் பேரழிவுக்குப் பின்னர், சுனாமி வந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று காட்டும் பலகைகள் கரையோரத் தெருக்களில் நடப்பட்டன. அதே போல, குளிக்கத் தகாத இடத்தையும் தகாத மாதங்களையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதிய பலகைகளைக் கடற்கரைகளில் நடுவதற்கு உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பெருஞ்செலவு ஆகாது. விடுமுறை நாட்களில் மக்கள் கூடும் கரைகள் அனைத்திலும் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினரை நிறுத்துவதும் அவசியம்.

தாங்கள் செய்யக்கூடியது இதனினும் எளிது. இனி ஒரு கடற்கரையைப் பற்றி எழுதும்போதெல்லாம், படத்துக்குக் கீழே அங்கு குளிக்கத் தகுந்த மாதங்களையும் கடலின் தன்மையையும் இரண்டு வரிகளில் அச்சிடும்படி வேண்டுகிறேன். இவ்வருட விடுமுறை இன்னும் தொடங்கவில்லை. ஆகவே அடுத்த வார இதழிலேயே அந்தக் கட்டுரைக்கு ஒரு பின்குறிப்பாக இவ்விவரங்களை வெளியிட்டால், புறப்பட ஆயத்தமாகும் குடும்பங்களின் கையில் அது உரிய நேரத்தில் கிடைக்கும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.