'ரொம்ப கம்மி' என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். டெய்லர் தொடரை, அதாவது சைன் போன்ற ஒரு சார்பை அடுக்குகள் கொண்ட உறுப்புகளின் கூட்டலாக விரித்து எழுதுவதை, கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். சிறிய கோணத்துக்கு சைன் வேண்டுமா, கோணத்திலிருந்து அதன் மும்மடியில் ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் போதும் என்கிறார்கள். சரி, பிழை எவ்வளவு வரும் என்றால், "ரொம்ப கம்மி சார்" என்று பதில் வருகிறது.

எங்கள் தெரு லேத் பட்டறையில் போய் 25 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு ஷாஃப்ட் கடைந்து கொடு என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். கூடக் குறைய எத்தனை விடலாம் என்று சொன்னால்தான் மெஷினில் மாட்டுவார்கள்.

0.5 ரேடியனுக்கு (சுமார் 29 டிகிரி) அந்தக் கணக்கு 0.47917 தருகிறது, உண்மை மதிப்பு 0.47943. இதில் அழகே, உண்மை மதிப்பு தெரியாமலேயே பிழைக்கு வரம்பு கட்டிவிடலாம் என்பதுதான். நாம் விட்டுவிட்ட அடுத்த உறுப்பு, அதாவது கோணத்தின் ஐந்தாம் அடுக்கை 120ஆல் வகுத்தால் வருவது, 0.00026. உறுப்புகள் கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி வந்து சிறுத்துக்கொண்டே போவதால் பிழை அதைத் தாண்டாது. மற்ற சார்புகளுக்கு, விட்டுப்போன மிச்சத்தைச் சொல்லும் லெக்ராஞ்சின் மீதி உறுப்பு என்ற சூத்திரம் இருக்கிறது: அடுத்த வகைக்கெழு (டெரிவேட்டிவ்) அந்த இடைவெளியில் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று பார்த்தால் போதும். ஆனால் பிள்ளைகள் சரியாக அந்தப் பக்கத்தைத்தான் தாண்டிவிடுகிறார்கள்!

தாண்டினால் என்ன ஆகும்? அதே கணக்கில் 3 ரேடியனைப் போட்டால் −1.5 வருகிறது, உண்மையில் 0.141. உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்பார்கள். சைனுக்குச் சரி. ஆனால் 1-ஐ மையமாக வைத்த இயல் மடக்கைத் (நேச்சுரல் லாக்) தொடரில் 3-ஐப் போடுங்கள்: 2, 0, 2.67, −1.33, 5.07 என்று பேயாட்டம் ஆடும். உண்மை மதிப்பு 1.0986.

இது ஏதோ மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு: 14ஆம் நூற்றாண்டுக் கேரளத்து மாதவர் பெயரால் வழங்கும், பை (π) மதிப்பைத் தரும் தொடரோடு, பிழையைச் சரிக்கட்டும் திருத்தமும் சேர்ந்தே வருகிறது. பத்து உறுப்புகள் கூட்டினால் 3.0418 தான். மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கணித்து 0.1 சேர்த்தால் 3.1418.

உங்கள் நாளிதழில் மாதிரி வினாத்தாள் போடும்போது, 'பிழை 0.001-க்குள் இருக்க எத்தனை உறுப்புகள் வேண்டும்?' என்று ஒரு கேள்வியாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
தண்டையார்பேட்டை, சென்னை.