நோயெதிர்ப்பியலை நேரத்தோடு சேர்த்துக் கற்பியுங்கள்: செவிலியர் மேற்படிப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

செவிலியர் மேற்படிப்புக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கும் அதை வகுப்பறையில் நடத்துவோருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகள் வார்டில் பணிபுரிந்து, இப்போது மேற்படிப்பு மாணவர்களுக்கு நோயாளியின் படுக்கையருகே பயிற்சி அளித்துவரும் செவிலியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நோயெதிர்ப்பியல் பாடத்தில் நாம் சொல்லித் தருவதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பாடத்தில் நேரம் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. எந்த எதிர்வினை எந்த நிமிடத்தில் அல்லது எந்த நாளில் தோன்றும், யாருடைய உடலில் அது தோன்றாமலே மறைந்துகிடக்கும் என்பதுதான் நோயாளியின் அருகில் இருக்கும் செவிலியருக்கு முதலில் தேவைப்படும் அறிவு. அதை நாம் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஜெல், கூம்ஸ் இருவரும் 1963இல் வகுத்த நான்கு மிகையுணர்வு வகைகளையும் (நோயெதிர்ப்பு அளவுமீறி உடலுக்கே தீங்கு செய்யும் விதங்களை) ஒரு மாணவி காலையில் பிசகின்றி ஒப்பித்தார். அன்று மதியம், ஒன்பது நாளாக ஆன்டிபயாடிக் எடுத்துவந்த ஒரு நோயாளிக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் உடலெங்கும் தடிப்பும் வந்தன. மருந்தால் வந்திருக்குமோ என்று அந்த மாணவியிடம் கேட்டேன். ‘மருந்து ஒவ்வாமை என்றால் முதல் நாளே வந்திருக்குமே’ என்றார். காலையில் அவரே சொன்ன மூன்றாம் வகையின் சாயல்தான் கண்ணெதிரே இருந்தது. ஆனால் பெயரை நாளோடு இணைத்துப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அது அவருடைய குறை அன்று, நம்முடைய குறை.

மருந்தாகக் குதிரைச் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) செலுத்தப்பட்ட குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து வந்த, மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டான சீர நோயை ஃபொன் பிர்கே, ஷிக் ஆகிய இருவரும் 1905இல் விளக்கியபோது, அவர்கள் உற்றுக் கவனித்தது அந்த இடைவெளியைத்தான். அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியை உடல் புதிதாகத் தயாரிக்க ஏறத்தாழ 7 முதல் 14 நாள் ஆகிறது. அது, தன்னைத் தூண்டிய அந்தப் பொருளுடன், அதாவது ஆன்டிஜெனுடன் சேர்ந்து உருவாகும் கூட்டுப்பொருள்கள் இரத்தக்குழாய்ச் சுவரிலும் மூட்டிலும் சிறுநீரகத்திலும் படிந்த பிறகே அழற்சி எழுகிறது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்ட மாணவர் நாள் கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதல் வகை நிமிடங்களில் வருவதற்கும் காரணம் உண்டு. ஐஜிஇ (IgE) என்ற வகை ஆன்டிபாடிகள் முந்தைய அறிமுகத்திலேயே உருவாகி, திசுக்களில் உள்ள மாஸ்ட் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் மேல் அமர்ந்திருக்கின்றன. ஆன்டிஜென் வந்து தொட்டதும் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை அந்த அணுக்கள் கொட்டிவிடுகின்றன. போர்ட்டியேவும் ரிஷேயும் 1902இல் அனாஃபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை) என்று பெயரிட்டது இதற்குத்தான்: கடல் அனிமோனின் நஞ்சை முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்துச் சிறிதளவு கொடுத்தபோது சற்று நேரத்தில் இறந்துபோனது. இவ்வளவு விரைவான ஒன்றை எதிர்கொள்ளும் நம் மாணவர்களின் கை இன்னமும் முதலில் ஆன்டிஹிஸ்டமின் ஊசியைத் தேடுவது எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது. ஆன்டிஹிஸ்டமின் அரிப்பைக் குறைக்கும். சுருங்கிய மூச்சுக்குழலையும் சரிந்த இரத்த அழுத்தத்தையும் மீட்காது. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் முன்வெளிப்புறத் தசையில் செலுத்த வேண்டும். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மீண்டும் செலுத்த வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் உட்கார விடலாம், ஆனால் சட்டென்று எழுந்து நிற்க விடக் கூடாது. தோலில் தடிப்பே இல்லாமலும் அனாஃபிலாக்ஸிஸ் வரும் என்பதையும், அடங்கிய பின் சில மணி நேரம் கழித்து மறுபடியும் தலைதூக்கலாம் என்பதையும் தேர்வில் கேட்காமல் எந்த மாணவரையும் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்காதீர்கள்.

இரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் அருகிலேயே நிற்கச் சொல்கிறோம். அது வெறும் விதியாகவே மாணவர்களைச் சென்றடைகிறது. பொருந்தாத வகை இரத்தத்தைத் தாக்கும் ஆன்டிபாடிகள் நோயாளியின் உடலில் ஏற்கெனவே தயாராக இருப்பதால்தான் சில மில்லிலிட்டரிலேயே ஆபத்து தொடங்குகிறது என்று சொல்லிவிட்டால் விதிக்கு உயிர் வந்துவிடும். காசநோய்க்கான தோல் சோதனையான டியூபர்குலின் சோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்ப்பதும் அப்படித்தான்: முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளையணுக்களான நினைவு டி அணுக்கள் அந்த இடத்துக்கு வந்து திரள அவ்வளவு நேரம் வேண்டும். அளக்க வேண்டியது சிவப்பை அன்று, தடித்துக் கெட்டிப்பட்ட பகுதியை.

இனி, தோன்றாத அறிகுறிகளைப் பற்றி. பாடத்தில் நான் மிகவும் ஏங்கும் பகுதி இதுவே. சீழும் வீக்கமும் சிவப்பும் கிருமியின் வேலை என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். அவை உடலின் எதிர்ப்பு நடக்கிறது என்பதற்கான அடையாளங்கள். கீமோதெரபிக்குப் பின், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழ் இறங்கிய நோயாளிக்கு நுரையீரல் தொற்று இருந்தும் சளி வராமல் போகலாம், ஊசிக்குழாய் பதிந்த இடத்தில் தொற்று இருந்தும் சீழ் பிடிக்காமல் இருக்கலாம். சில வேளை காய்ச்சல் ஒன்றுதான் அவர் உடல் தரும் செய்தி: ஒரே முறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரம் நீடித்த 38.0 டிகிரி. அதைப் பார்த்ததும் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமியைத் தேடும் சோதனை) எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கியாக வேண்டும். ‘காய்ச்சல் கொஞ்சம்தான், பாரசிட்டமால் கொடுத்தாயிற்று’ என்று அடுத்த ஷிஃப்ட்டுக்கு எழுதிவைப்பது அந்த ஒரே செய்தியையும் அழித்துவிடுவதாகும்.

அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவரிடம் காய்ச்சலும் வராமல் போகலாம். குடலில் துளை விழுந்திருந்தும் வயிறு மென்மையாகவே இருக்கலாம். நோயெதிர்ப்பை அடக்கும் டோசிலிசுமாப் மருந்தைப் பெறுபவரிடம், அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சி.ஆர்.பி.யின் அளவு குறைவாக இருப்பது தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது, ஏனென்றால் அதை உயர்த்தும் இன்டர்லூகின்-6 சமிக்ஞையையே அந்த மருந்து தடுத்துவிடுகிறது. இத்தகைய நோயாளிகளிடம் சிறு மனக்குழப்பம், சற்றே கூடிய மூச்சு வேகம், ‘என்னவோ சரியில்லை’ என்ற அவர்களின் சொல் ஆகியவற்றுக்கு நாம் கூடுதல் எடை தர வேண்டும்.

தன்னெதிர்ப்பு நோய்களைப் பெயர்ப்பட்டியலாக நடத்துவதையும் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தன்னையே தாக்காதிருப்பது நோயெதிர்ப்பு அமைப்பு ஓயாமல் செய்துவரும் ஒரு வேலை. அதில் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களின் பங்கைக் கண்டறிந்ததற்காகவே மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகியோருக்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கட்டுப்பாட்டின் வேறொரு கண்ணியைப் புற்றுநோய்க்காக நாமே வேண்டுமென்று தளர்த்துகிறோம். 2011இல் ஒப்புதல் பெற்ற இபிலிமுமாபில் தொடங்கிய செக்பாயின்ட் தடுப்பு மருந்துகளைப் பெறுபவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அது கீமோதெரபியின் பக்கவிளைவு போன்றதன்று. குடலையே தாக்கும் நோயெதிர்ப்பு அழற்சியாக இருக்கலாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு கொடுத்து அடக்கிவிட்டால் துளை விழும் வரை தெரியாமல் போகக்கூடும். மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆன பிறகும் இது வரலாம் என்பதால், ‘கடந்த ஓராண்டில் புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை பெற்றீர்கள்?’ என்ற கேள்வி எல்லா வார்டுகளின் சேர்க்கைப் படிவத்திலும் இடம்பெற வேண்டும்.

ஒவ்வாமை வரலாறு எழுதுவது பற்றியும் ஒரு சொல். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் என்று குறிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், முறையாகச் சோதித்தால் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். சிவப்பு மையில் எழுதிய ஒரு சொல்லால் அவர்கள் வாழ்நாள் முழுவதும் இரண்டாம்தர மருந்து பெறுகிறார்கள். என்ன நடந்தது, மருந்து எடுத்து எவ்வளவு நேரத்தில் நடந்தது, எத்தனை ஆண்டுக்கு முன் நடந்தது, பிறகு அதே இன மருந்தை எடுத்ததுண்டா என்ற நான்கு விவரங்களையும் கேட்டு எழுதும் செவிலியரே அந்தத் தவற்றைத் திருத்தத் தொடங்கிவைக்க முடியும்.

ஆகவே, நான்கு வகைகளின் அட்டவணையை எழுதச் சொல்லும் வினாவுக்கு மாற்றாக, மருந்து தொடங்கிய நாளும் அறிகுறி தோன்றிய நேரமும் மட்டும் தரப்பட்ட நோயாளி விவரங்களை அடுத்த தேர்விலேயே வையுங்கள். நோயெதிர்ப்பு குன்றியோர் வார்டில் ஒவ்வொரு மாணவரும் சில இரவு ஷிஃப்ட்டுகளாவது கட்டாயம் பணிபுரியட்டும். வினாக்களுக்கு வேண்டிய நோயாளி விவரங்களை, அடையாளம் தெரியாதவாறு மாற்றித் தொகுத்துத் தரவும், உங்கள் ஆசிரியர்களுடன் அமர்ந்து அவற்றைச் சரிபார்க்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வார்டில் பயிற்சியளிக்கும் ஒரு செவிலியர்