பார்க்கிங் புராணம்

அன்புள்ள குண்டூசி,

உன் கடிதம் மேசை மேல் கிடந்தே பழசாகிவிட்டது. திட்டுவதென்றால் இந்த வரியோடு திட்டி முடித்துவிடு, கீழே நிறைய வேலை இருக்கிறது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் வேலைக்குப் போகிறாள், சின்னவன் தூங்குகிறான். உன் மாமியார் முழங்கால் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்களா? தபலாக்காரர் இன்னும் என்மேல் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறாராம். அவரை நீயே சமாளி.

நீ பக்கம் பக்கமாக ஊர்க்கதை எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய். ஊனமுள்ளவர்களுக்கு ஒதுக்கின இடத்தில் வண்டியை நிறுத்த டாக்டர் பார்க்கிங் கார்டுக்கு எழுதித் தருகிறேன் என்றாராம், உன் வீட்டுக்காரர், அதான் நம் அண்ணன், வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டாராம். "நான் என்ன நொண்டியா? அந்த இடத்துல வண்டிய விட்டு இறங்கி நடந்தா நாலு பேர் என்ன நெனைப்பான்?" என்றாராம். உன் அம்மா செய்கிற வேலை இது. முக்கியமான செய்தியைச் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொல்வார்களே, அதே வேலை.

அந்த நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அண்ணன் ஊகிக்க வேண்டாம். என்னிடம் அவர்கள் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் அப்படி ஒதுக்கின நீல இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறேன். பேரனைக் கையில் பிடித்தபடி ஒரு பெரியவர், மடிப்புக் கலையாத சட்டை, பார்த்தால் கும்பிடத் தோன்றும் முகம். "ஏம்மா, நல்லாத்தானே நடக்கறீங்க? இது நடக்க முடியாதவங்களுக்கு விட்ட இடம்" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கார்டைக் காட்டினேன். குனிந்து படித்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். நிமிர்ந்து, "யாரோடது, அப்பாவோடதா?" என்றார். என்னுடையதுதான் ஐயா என்றேன். "உங்களுக்கு என்ன?" என்றார். நடுவழியில், பேரன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, என் நரம்பு மண்டலத்தைப் பற்றி நான் விளக்க வேண்டும்! சொன்னேன், வேறென்ன செய்ய. உடனே முகம் மாறிவிட்டது. "அடப் பாவமே, இந்த வயசுலயா!" ஒரு நிமிஷம் முன்புவரை நான் திருடி, இப்போது பாவப்பட்ட ஜென்மம். இரண்டுக்கும் நடுவில், வண்டியை நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கப் போகிற ஒரு சாதாரணப் பொம்பளையாக இருக்க என்னை விடவே இல்லை.

கேள், இதுதான் வேடிக்கை. பக்கத்து நீல இடத்தில் கார்டே இல்லாத ஒரு பெரிய வண்டி நின்றது. எஞ்சின் ஓடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, உள்ளே டிரைவர் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைக் கேட்டால் "ரெண்டே நிமிஷம் சார்" என்பார். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் தெரியுமா? அங்கே கேட்க ஆள் அகப்படவில்லை, கறுப்புக் கண்ணாடிதான் இருந்தது. நான் இறங்கி, கதவைப் பூட்டி, கையெட்டும் தூரத்தில் நின்றேன். கார்டு வைத்திருப்பவர்தான் எப்போதும் விசாரணைக்கு வசதியாக அகப்படுவார்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். கார்டைக் கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். தேதி முடிந்ததா, போட்டோவில் இருப்பது நான்தானா என்று பார்க்கட்டும். அந்த இடத்தைக் காப்பாற்ற ஆட்கள் வேண்டும், அந்தப் பெரியவரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கார்டைப் பார்த்த பிறகும் காலைப் பார்க்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வியாதியை, அதான் மல்டிபிள் ஸ்கிளரோசிஸை, எம்.எஸ். என்று சுருக்கிச் சொன்னதும் உன் அம்மா "சுப்புலட்சுமியா?" என்றார்களே, அதற்குப் பிறகு உன்னிடம் நான் இதைப் பற்றி ஒழுங்காகச் சொன்னதே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அரிக்கிறது. மூளை அனுப்பும் உத்தரவு காலுக்குத் தாமதமாகப் போகும், சில சமயம் போய்ச் சேரவே சேராது. உடம்பு சூடேறினால் இன்னும் மோசம். வெயில் வேண்டியதில்லை, நடந்தாலே உடம்பு சூடேறத்தானே செய்யும்? அதனால் இறங்கிப் போகும்போது நான் ராணி மாதிரி போவேன். திரும்பும்போதுதான் இடது பாதம் தரையைத் தேய்க்க ஆரம்பிக்கும், சுவரைப் பிடிக்க வேண்டிவரும். வண்டிக்குள் விழுந்து, ஏசியைப் போட்டு, சாவியைத் திருப்பும் தைரியம் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். என்னைப் போகும்போது பார்க்கிற யாரும் வரும்போது பார்ப்பதில்லை. எல்லாருக்கும் வேலை இருக்கிறதே.

அண்ணனுக்கும் இதே கதைதான். இதயத்தின் பம்பிங் குறைவு என்பது முகத்திலா எழுதியிருக்கும்? உட்கார்ந்து பேசினால் மாப்பிள்ளை மாதிரி இருப்பார். நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு இரைக்கும். அவரும் விடமாட்டார், போன் வந்தது மாதிரி நின்று பாவனை செய்வார், சரிதானே? நானும் செய்திருக்கிறேன்.

கோபம் வந்தால் நான் படிக்க உட்காரும் ரகம் என்பது உனக்குத் தெரியும். தேடிப் பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், சட்டம் எழுதினவர்கள் இதையெல்லாம் எப்போதோ யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1991ல் பார்க்கிங் கார்டுக்கென்று ஒரு மத்திய விதி போட்டார்கள். 200 அடி நடப்பதற்குள் நின்று இளைப்பாற வேண்டியிருந்தால் தகுதி உண்டு. ஊன்றுகோல், வீல்சேர் அதில் ஒரு வகை. நுரையீரல் தனி வகை, ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்று ஒரு லிட்டருக்கும் குறைவாக இருந்தால் போதும். இதயமும் தனி வகை, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் வகைப்பாட்டில் மூன்றாம் நிலை, நான்காம் நிலை. மூன்றாம் நிலை என்றால் சும்மா இருக்கும்போது சுகம், சாதாரண வேலையைவிடக் குறைவாகச் செய்தாலே மூச்சு வாங்கும். அண்ணனை ஒளிந்திருந்து பார்த்து எழுதினது போல இல்லை?

இங்கிலாந்தில் இந்தக் கார்டு 1971ல் ஆரஞ்சு நிறத்தில் வந்தது, 2000 முதல் நீலம். 2019 ஆகஸ்ட் 30 முதல், வெளியே கிளம்புவதே பெரிய மன உளைச்சலாகிறவர்களுக்கும், ஆபத்து தெரியாமல் சாலையில் இறங்கிவிடக்கூடியவர்களுக்கும் அதைக் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கிங்கைக் கடக்கிற தாய்க்கு இது என்னவென்று புரியும். இந்தியாவில் 1995 சட்டம் ஏழு வகை ஊனத்தைச் சொன்னது. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. என் எம்.எஸ். அதில் இருக்கிறது, பார்க்கின்சன் இருக்கிறது, ஹீமோபிலியா, தலசீமியா இருக்கிறது. இதய நோய் என்று தனியாக ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இல்லை, அது எனக்கு உறுத்துகிறது. ஆக, விதி இடத்துக்கு இடம் மாறும். உங்கள் டாக்டர் தானாகவே எழுதித் தருகிறேன் என்றதால் அண்ணன் ஏதோ ஒரு வரியில் அடங்குகிறார் என்று அர்த்தம்.

சட்டத்துக்குத் தெரிந்தது சனங்களுக்கு ஏன் தெரியவில்லை? பாதிப் பழியை அந்தப் படத்தின் மேல் போடுவேன். நீலத்தில் வெள்ளையாக வீல்சேர் படம். 1968ல் சுசான் கூஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்தது. முதலில் அதற்குத் தலையே இல்லை, வெறும் நாற்காலி மட்டும்தான். கார்ல் மொண்டான் என்பவர் ஒரு வட்டத்தைத் தலையாக வைத்தார், 1969ல் அதைச் சர்வதேசச் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். நல்ல படம், தூரத்திலிருந்தே தெரியும், மொழி வேண்டாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதையே பார்த்துப் பார்த்து, நாற்காலி இல்லாதவர் அங்கே நின்றால் கள்ளர் என்று கண் பழகிவிட்டது. 2014ல் நியூயார்க் மாநிலம் படத்தை மாற்றியது. அந்த ஆள் முன்னால் குனிந்து வேகமாக உருட்டிக்கொண்டு போகிறார். பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. அதிலும் நாற்காலிதான்.

இதை நம் கேப்டனிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் வீல்சேருக்கு மாறி வருஷக்கணக்காகிறது, வாய் மட்டும் வாலிபால் கோர்ட்டில் இருந்த அதே வாய். முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்கு வேணும்கிறது தூரம் குறையணும். எனக்கு வேணும்கிறது அகலம். ரெண்டுக்கும் ஒரே பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான், நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கறோம்" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். கதவை முழுதாகத் திறந்து, நாற்காலியை எடுத்து விரித்து, உடம்பை அதில் நகர்த்த அவளுக்குப் பக்கத்தில் கோடு போட்ட காலியிடம் வேண்டும். அமெரிக்க அளவில் அது குறைந்தது 60 அங்குலம். கோடுதானே என்று அதில் பைக்கைச் செருகிவிட்டுப் போவார்கள். ஒருமுறை அவள் திரும்பி வந்து பார்த்தால் ஏறவே இடமில்லை, வண்டிக்காரர் வரும்வரை வெளியிலேயே காத்துக் கிடந்தாளாம். எனக்கோ, அண்ணனுக்கோ அந்த அகலம் வேண்டியதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் சாதாரண அகலத்தில் நாலு இடம் ஒதுக்கினால் எங்கள் பாடு தீர்ந்தது. யாரும் அப்படி ஒதுக்குவதாகக் காணோம். அதனால் இரண்டு நீல இடம் காலியாக இருந்தால் நான் அகலம் குறைந்ததில் போடுகிறேன். ஒன்றுதான் இருந்தால் கூச்சப்படாமல் போடுகிறேன். இதற்கும் கேப்டன்தான் உத்தரவு கொடுத்தாள். அண்ணனுக்கு "நெசமா முடியாதவன் எடத்தப் புடுங்கறேனோ" என்ற எண்ணம் இருந்தால் இதைச் சொல்.

சூரியகாந்திப் பட்டை கேள்விப்பட்டிருக்கிறாயா? பச்சை நாடாவில் மஞ்சள் பூ. வெளியே தெரியாத குறை உள்ளவர்கள் கழுத்தில் போட்டுக்கொள்ள, 2016ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. வரிசையில் நிற்கத் திணறும் பிள்ளைக்கும், கேட்டதையே திரும்பக் கேட்கும் மறதிக்காரப் பெரியவருக்கும் அது நல்லது, ஊழியர்கள் கொஞ்சம் பொறுமையாக இருப்பார்கள். ஆனால் வண்டியில் கார்டை வைத்த பிறகு, போகிற வருகிறவர் மனசமாதானத்துக்காகக் கழுத்திலும் ஒன்றை மாட்ட எனக்கு இஷ்டமில்லை. கேப்டன், "மாட்டிக்கடி, உன் மூஞ்சிக்கு அதாவது பூக்கட்டும்" என்றாள்.

சிரித்தது போதும். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெரியவருக்குப் பிறகு, நீல இடத்தில் இறங்கும்போதெல்லாம் நான் காலை லேசாக இழுக்கிறேன். வலிக்காத காலை! யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்து, பார்த்தால் கொஞ்சம் கூட இழுக்கிறேன். அன்று நல்லபடியாக நடக்க முடிந்தால் சந்தோஷப்படாமல் பயப்படுகிறேன். மகள் கவனித்துவிட்டாள். "அம்மா, ஏன் இப்படி நடக்கறே? இன்னிக்குத் தேவலைன்னுதானே சொன்னே?" என்றாள். என்ன பதில் சொல்ல? உடம்பு சரியாக இருக்கும் நாளையும் இவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணன் கார்டே வேண்டாமென்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அவர் தப்பித்தார் என்று நினைக்காதே. அவரிடமிருந்தும் பிடுங்கிவிட்டார்கள். போன வருஷம்வரை சாயந்திரம் ஆனால் உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாரே, இப்போது எங்கேயும் போவதில்லை என்று நீதானே எழுதியிருக்கிறாய்?

ஆகவே விண்ணப்பத்தை வாங்கு. ஒரு கெஞ்சல்: அதை அண்ணனை நிரப்ப விடாதே. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்ற கேள்விக்கு இந்த ஆம்பிளைகள் "மெதுவாக நடந்தால் எவ்வளவு தூரமும்" என்று வீரமாக எழுதிவைப்பார்கள், தள்ளுபடியாகும். நீ கூடவே நடந்து பார்த்து எழுது. எங்கே முதலில் நிற்கிறார், நின்றால் மூச்சு சீராக எவ்வளவு நேரம், ஏற்றத்தில் என்ன ஆகிறது, வீடு திரும்பினால் படுக்க வேண்டியிருக்கிறதா, கால் வீங்குகிறதா. நல்ல நாளை வைத்து எழுதாதே, முடியாத நாளை எழுது, அடிக்கடி வருவதும் அதுதான் என்றால் அதையும் எழுது. கார்டு வந்தால் எழுத்துத் தெரியும் பக்கம் வெளியே பார்க்க வை. இன்னொன்று, அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை. அவர் கூட இல்லாமல் உன் மகள் தோழிகளோடு போய் அந்த இடத்தில் போட்டாள் என்று கேள்விப்பட்டேன், அந்தப் பெரியவரை நானே உன் வீட்டுக்கு அனுப்பிவைப்பேன்.

கேப்டன் ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்கிறாள். தூங்குகிறார், குளிக்கிறார் என்று கதை விடாமல் போனைக் கையில் கொடு. "நான் என்ன நொண்டியா" என்ற வசனத்தை அவளிடமே சொல்லிப் பார்க்கட்டும்.

மாமியார் முழங்கால் விஷயம் எழுது.

உன்,
பூசணி