அபராத ரசீதுக்கு முன்னால்: மதுரை வார்டு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகராட்சியின் நூறு வார்டு உறுப்பினர்களுக்கும் சுகாதாரப் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

2025 ஜூலையில் வெளியான தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரை கடைசியாக வந்தது. ஊரே தலைகுனிந்தது. ஆனால் வெட்கப்பட்டதாலேயே எந்த ஊரும் சுத்தமாகிவிடாது. 'அபராதம் போடுங்கள், போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுங்கள்' என்பதுதான் இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் கேட்கும் குரல். அந்தக் குரலுக்கு இணங்குவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற பேச்சைக் கேட்காத வீடு மதுரையில் அநேகமாக இல்லை. தெரிந்தும் பிரிக்காமல் இருக்கிறார்கள் என்றால் காரணம் மனசில் இருக்கிறது: அருவருப்பு, அவநம்பிக்கை, 'நான் மட்டும் ஏன் மெனக்கெட வேண்டும்' என்ற எரிச்சல். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் இவை போகாது.

அருவருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மிஞ்சிய சோறும் சாம்பாரும் நாறும், புழு வைக்கும் என்ற பயத்தில்தான் வீடுகளில் அதைக் கேரி பையில் போட்டு இறுக முடிச்சுப் போடுகிறார்கள். அந்த முடிச்சுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. காற்றில்லாத ஈரத்தில் சோறு இன்னும் மோசமாக நாறும். பையைத் திறக்க யாருக்கும் மனம் வராது. அப்படியே குப்பையை உரமாக்கும் உரக்கூடத்துக்குப் போனால், அந்தப் பை அரவை இயந்திரத்தின் கத்தியில் சுற்றிக்கொள்ளும். இதற்கு 'பிரித்துக் கொடுங்கள்' என்று சொன்னால் போதாது, நாற்றத்துக்கு வழி சொல்ல வேண்டும். மூடி போட்ட 10 லிட்டர் வாளி ஒன்று. அடியில் இரண்டு தாள் செய்தித்தாள். மிச்சச் சாப்பாட்டைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் வடிந்த பிறகே வாளியில் போடுவது. மேலே ஒரு கைப்பிடி காய்ந்த சருகு அல்லது மரத்தூள். ஞாயிற்றுக்கிழமை மீன் செதிளையும் கறிக்கழிவையும் செய்தித்தாளில் பொதிந்து போட்டால் ஈ மொய்ப்பது வெகுவாகக் குறையும். டயப்பரும் நாப்கினும் எந்த வாளியிலும் சேராமல், தாளில் சுற்றித் தனியாகப் போக வேண்டும். பணியாளர் கைக்கு அது திறந்து வரக் கூடாது.

மதுரைக்கே உரிய இன்னொன்று பூ. வாழைநாரில் தொடுத்த மல்லிகைச் சரம் நாரோடு மக்கிவிடும். நைலான் நூலில் கட்டிய மாலையை நூலை உருவாமல் போட்டால் இயந்திரத் தண்டில் சிக்கி நிற்கும். பால் பாக்கெட்டின் முனையைத் துண்டாக வெட்டாமல் கீறிவிட்டு, காலியானதும் அலசிக் காயவைக்கச் சொல்லுங்கள். நகம் அளவு வெட்டி எறியும் அந்த முக்கோணத்தை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை.

அடுத்தது அவநம்பிக்கை. இரண்டு வாளியில் பிரித்துக் கொடுத்த பெண், அது வண்டியில் ஒரே குவியலாக விழுவதைப் பார்த்தால் அதோடு சரி. மறுநாள் முதல் ஒரே வாளிதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே வீட்டுக்காரர்களிடம் போவதற்கு முன் வண்டியைச் சரிசெய்யுங்கள். நடுவில் தடுப்பு இருக்கட்டும், பச்சை, நீலம் என்று நிறம் தெரியட்டும், கொட்டுவது வாசலில் நிற்பவர் கண்ணில் படட்டும். உங்கள் வார்டில் விளையும் உரத்தை ஒரு கிலோப் பையில் போட்டுத் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். தன் வாளியில் போட்டது மண்ணாகித் திரும்பி வந்ததைத் தொட்டுப் பார்த்தவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வண்டி வரும் நேரம் மாறக் கூடாது. பழக்கம் என்பது ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்வதால் படிவது. லண்டனில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இன்று ஏழு மணி, நாளை பத்து மணி என்று வண்டி வந்தால், வேலைக்குப் போகிறவர் போகிற வழியில் தெருமுனையில் வீசிவிட்டுத்தான் போவார். குறைந்தது மூன்று மாதம் நேரம் தவறாமல் வண்டி விடாத தெருவில் அபராதம் பேசுவது நியாயமில்லை.

சிறிய அபராதம் எதிர்விளைவையும் தரும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைக்க வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் வைத்துப் பார்த்தார்கள்; 2000-இல் அந்த முடிவு வெளிவந்தது. தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. அதுவரை 'டீச்சரைக் காக்க வைக்கிறோமே' என்று உறுத்திய மனசு, 'காசு கொடுத்தாயிற்று' என்று ஆறிவிட்டது. தெருமுனைக் குப்பைக்கும் இது அப்படியே பொருந்தும். அபராதமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தருபவர்கள் அதைப் பிரித்துத்தான் தர வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. பெரிய ஹோட்டல்களிடமும் கல்யாண மண்டபங்களிடமும் முதலில் தொடங்குங்கள், அவர்களுக்கு வலிக்கிற தொகையாகப் போடுங்கள். லைன் வீட்டுக்காரரிடம் கடைசியாக வாருங்கள்.

போட்டோ எடுத்து அவமானப்படுத்துவதை நாங்கள் அடியோடு எதிர்க்கிறோம். அவமானப்பட்டவர் திருந்துவதைவிட ஒளிவதே அதிகம். பகலில் தெருமுனையில் விழுந்த பை, ராத்திரி டூவீலரில் போய்ப் பந்தல்குடி வாய்க்காலில் விழும்.

அறிவிப்புப் பலகைகளிலும் கவனம் வேண்டும். 'இங்கே பலர் குப்பை கொட்டுகிறார்கள், வெட்கக்கேடு' என்று எழுதினால், பலரும் கொட்டுகிறார்கள் என்பதுதான் படிப்பவர் மனசில் நிற்கும். அமெரிக்காவில் அரிசோனாவின் கல்மரப் பூங்காவில், அதாவது பழங்கால மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடத்தில், இதைச் சோதித்தார்கள். முன்பு வந்த பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துப்போனதாகச் சொன்ன பலகை இருந்தபோது, அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன பலகைக்கு 2 சதவீதம்கூட இல்லை. 'இந்தத் தெருவில் 60 வீட்டில் 41 வீடு பிரித்துக் கொடுக்கிறது' என்று எண்ணி எழுதுங்கள், எண் உண்மையாக இருக்கட்டும். எண்ணிக்கை பாதிக்குக் கீழே இருந்தால் மொத்தத்தை எழுதாமல், 'போன மாதத்தைவிட 9 வீடு கூடியிருக்கிறது' என்று எழுதுங்கள்.

குப்பை அள்ளிய இடத்தில் கோலம் போடுவது நல்ல வேலை. சுத்தமான இடத்தை அசிங்கப்படுத்தக் கை கூசும். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் 2008-இல் பார்த்ததும் அதுதான்: சுவர் சுத்தமாக இருந்த சந்தில், சைக்கிளில் மாட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் கீழே போட்டவர்கள் 33 சதவீதம், சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். ஆனால் கோலம் போட்ட மறுநாளும் வண்டி வர வேண்டும். வராவிட்டால் குப்பை அடுத்த முனைக்குப் போகும், அவ்வளவுதான்.

பள்ளிகளில் பரிசுப் போட்டி வைக்கும்போது 1973-இல் வெளிவந்த ஒரு சோதனையை நினைவில் வையுங்கள். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட சிறுபிள்ளைகள், பின்னர் தாமாக வரைந்த நேரம் மற்றப் பிள்ளைகளின் நேரத்தில் பாதியாகக் குறைந்தது. சொல்லாமல் கொடுத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை. தங்கக்காசு குலுக்கலைவிட, நன்றாகப் பிரித்த வகுப்பை எதிர்பாராமல் உரக்கூடத்துக்கு அழைத்துப்போவது மேல்.

தூய்மைப் பணியாளரின் மனசும் இதில் பாதி வேலை செய்கிறது. கலந்து வந்த வாளியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் வேண்டும். திட்டு வாங்கினால் வார்டு உறுப்பினர் தன் பக்கம் நிற்பார் என்ற தைரியமும் வேண்டும். முதல் இரண்டு வாரம் காலையில் அரை மணி நேரம் வண்டியோடு நீங்களே நடந்து வாருங்கள். எந்த வீட்டில் கோபம், எந்த வீட்டில் வாளியே இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

சித்திரைத் திருவிழா வருகிறது. நீர்மோர்ப் பந்தல் அனுமதி கேட்டு வருபவர்களிடம் டம்ளர் எத்தனை, கழுவத் தண்ணீர் எவ்வளவு, கூடை எங்கே வைப்பீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். மோர் குடித்த இடத்திலிருந்து பத்து அடிக்குள் கூடை கண்ணில் படாவிட்டால், கப் கையிலிருந்து கீழேதான் விழும்.

இப்படிக்கு,
மதுரைத் தெருக்களில் குப்பை பிரிப்புப் பயிற்சி கொடுத்துவருவோர்