மண்டபத் திருப்பணிக்கு உதவி வேண்டி ஒரு விண்ணப்பம்

அன்புடையீர்,

வணக்கம். மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், முன்பு தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடமான பழைய பிள்ளைக் காம்பிராவில் சுவாமிகள் பல ஆண்டுகளாக மாலை வகுப்பும் வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாடும் நடத்தி வருகிறார்கள். அக்கட்டடத்தின் கூரைத் தகரம் துருப்பிடித்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பிள்ளைகள் கொப்பிகளை மடிக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக, வழிபாட்டுக்கும் படிப்புக்கும் பயன்படக்கூடிய ஒரு மண்டபமும் அதனோடு ஒட்டிய சிறு நூலகமும் அமைப்பதற்கு உங்கள் உதவியை நாடியே இதனை எழுதுகிறோம்.

சுவாமிகள் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை வந்தவர். இறங்கும் வழியில் காய்ச்சல் கண்டு, எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் படுத்தவர், பிறகு போகவில்லை. தேவாரமும் திருவாசகமும் சொல்லித் தருவார். கணக்குப் பாடத்தை உயர்தரம் முடித்த பிள்ளைகளிடம் விட்டுவிடுவார். டிசம்பர் மாதப் பௌர்ணமியான போயாவில் தொடங்கி வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தில் மலையேறுவோருக்குச் சூடான கொத்தமல்லித் தண்ணீர் கொடுப்பதைத் தவிர வேறு விழா எதையும் அவர் விரும்புவதில்லை. இந்த விண்ணப்பத்தில் தமது படத்தை இடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

இம்முயற்சிக்கு முதற்பணம் தந்தவர், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்றது அவரது வேண்டுகோள். மலையகத்தின் மரபுக் கூத்தான காமன்கூத்தைப் பற்றிய ஆய்வுக்காக எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் அவர். திருநீறு அணிவதில்லை, சுவாமிகளின் காலில் விழுந்ததுமில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1924இல் துறவு பூண்டு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். காவியும் கல்வியும் அவரிடத்தில் ஒருவராகவே இருந்தன. எங்களுக்கோ அவை இரண்டு பேராக வாய்த்திருக்கின்றன, இருவரும் வாதிட்டுக்கொள்ளவும் செய்வார்கள்.

பேராசிரியரின் ஆதரவு பாராட்டாக வரவில்லை, கேள்விகளாக வந்தது. எங்களிற் சிலருக்கு அது அப்போது கசந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்கட்டும் என்று எங்களை அமர்த்தியவர் சுவாமிகள்தாம்.

காணி யாருடையது என்பது முதற் கேள்வி. தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்தில் இருந்து வருகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தும் காலடி மண்ணுக்கு உறுதிப் பத்திரம் இல்லாத நாங்கள், வாய்ச்சொல்லை நம்பி அத்திவாரம் வெட்டினால், தோட்டத்தை நிருவகிக்க அடுத்த துரை வரும்போது என்ன ஆகும்? ஆகவே எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கல்லும் வாங்கவில்லை. இப்போது அது கிடைத்திருக்கிறது. அடுத்தது சரிவு பற்றியது. நாங்கள் முதலில் குறித்திருந்த இடம் காட்சிக்கு அழகானது, ஆனால் மேலே செங்குத்தான மண்மேடு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நினைவூட்டி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையில்லாமல் தாம் ஒரு சதமும் தரப்போவதில்லை என்றார். அந்த அறிக்கைக்குப் பின் இடத்தை மாற்றினோம். புதிய இடம், தொழிலாளரை வேலைக்குத் திரட்டும் பிரட்டுக்களத்துக்கு அருகில் இருக்கிறது. காட்சி குறைவு, ஆயினும் மழைநீர் வடிவதற்கு வழியுண்டு. தாங்குசுவரும் வடிகானும் மண்டபத்துக்கு முன்பே கட்டப்படும் என்பதால் செலவில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே போகும்.

சுவாமிகளுக்குப் பிறகு என்ன என்றும் கேட்டார். கட்டடமும் நூல்களும் தனியொருவர் பெயரில் இராமல், பெண் தொழிலாளர் பாதிப்பேராவது இருக்கும் சபையின் பொறுப்பிலேயே நிற்கும். வேதக்காரராகிய கிறிஸ்தவர்களின் பிள்ளைகளும் வகுப்புக்கு வருகிறார்கள், இனியும் வருவார்கள்.

கோயிற் காசென்று செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டில் பிடித்த பணத்தின் கணக்கை ஒருவரும் வாசித்துக் காட்டாத காலமும் எங்கள் பக்கத்தில் இருந்தது. அதனால், பேராசிரியர் நிபந்தனையாக வைக்காதிருந்தாலும், ஒவ்வொரு போயா தினத்திலும் வரவு செலவைச் சபையில் வாசித்து, கோயிற் பலகையில் ஒட்டுவதென்று தீர்மானித்திருக்கிறோம்.

பேராசிரியர் தம் ஓய்வூதியத்தில் ஒரு பங்கையும் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்களையும் தந்துள்ளார். தோட்டத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒருநாட் சம்பளம் தர இசைந்திருக்கின்றன. தோட்ட வேலைக்குப் பேர் போடாத முதியோர் மண் சுமப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிகுதிக்கே உங்களை நாடுகிறோம். பணமாகவோ, சீமெந்து, கம்பி, கூரைத் தகரம், புத்தக அலுமாரி என்று பொருளாகவோ தரலாம்; கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஊரிலுள்ள உறவினர் வழியாக அனுப்பலாம். எதுவாயினும் பொருளாளரும் செயலாளரும் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில்லாமல் எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

தைப்பொங்கல் கழிந்து வரும் வெயில் நாட்களில் அத்திவாரம் வெட்டி, வைகாசி மழைக்குள் கூரை போட்டுவிட எண்ணியிருக்கிறோம். ஆகையால் மார்கழி முடிவதற்குள் உங்கள் பங்கு வந்து சேருமாயின் பெரிதும் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
மண்டபத் திருப்பணிச் சபையினர்