பொகிப்ஸி ரயில் பாலம்: சீரமைப்புப் பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் குறுக்கே பொகிப்ஸியையும் ஹைலண்டையும் இணைக்கும் நம் பழைய ரயில் பாலத்தின் பணி நல்லபடியாக முடிந்து, 2009 அக்டோபர் 3 அன்று நடைபாதையாகத் திறக்கப்பட்டது. 2008 மே மாதம் வேலை தொடங்கியது. செலவு சுமார் 3 கோடியே 88 லட்சம் டாலர். அரசு நிதியோடு டைசன் அறக்கட்டளை உள்ளிட்ட தனியார் கொடைகளும் கைகொடுத்தன.

நூற்றாண்டு கடந்த இரும்பை நம்பி இத்தனை பேரை ஏற்றலாமா என்று கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பாலத்திலேயே இருக்கிறது.

1889-ல் பாலம் திறந்தபோது, ஆல்பனி நகருக்குத் தெற்கே கடல்வரை ஹட்சனைக் கடக்க வேறு பாலமே கிடையாது. பென்சில்வேனியாவின் நிலக்கரி இதன் வழியாகத்தான் நாட்டின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஆலைகளுக்குப் போனது. நீளம் 6,768 அடி. தளம் ஆற்றுக்கு மேலே 212 அடி உயரத்தில். ஆற்றின் நடுவே நிற்கும் தூண்களுக்கு அடியில் பிரம்மாண்டமான மரப்பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே கிணறுபோல் விட்டிருந்த வழியாகச் சேற்றை அள்ளி அள்ளி, நீர்மட்டத்துக்குக் கீழே 100 அடிக்கும் அதிகமாக இறக்கி, கான்கிரீட் நிரப்பினார்கள். அந்த அடித்தளம்தான் இன்றும் தாங்குகிறது.

என்ஜின்களின் எடை ஏறியபோது, 1906-07-ல் பொறியாளர் ரால்ஃப் மோட்ஜெஸ்கியின் திட்டப்படி நடுவில் மூன்றாவது வரிசைச் சட்டகம் சேர்த்தார்கள். 1918 வாக்கில் இரு ரயில்பாதைகளின் தண்டவாளங்களையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி நடுப்பக்கம் நகர்த்தினார்கள். ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகும், அதன் பாரம் நடுச்சட்டகத்தின் மேல் விழும். நிலக்கரி ரயிலுக்காக அன்று கூட்டிய வலிமை மனிதர் நடப்பதற்குத் தாராளமாகவே போதும்.

1974 மே 8 அன்று பிடித்த தீயில் கிழக்குப் பக்கத்து ஸ்லீப்பர் கட்டைகள் எரிந்தன. அதன்பின் ஒரு ரயிலும் ஓடவில்லை. 1984-ல் பாலமே ஒரு டாலருக்குக் கைமாறியது. எல்லோரும் சுமையாகப் பார்த்ததை 1992-ல் பில் செபே என்பவர் நடைபாதையாகப் பார்த்தார். தொண்டர்களோடு தாமே இறங்கி வேலை செய்தார். 1998-ல் பாலம் நம் 'வாக்வே ஓவர் தி ஹட்சன்' அமைப்பின் உடைமையானது. அந்தத் தொண்டர்களுக்குக் குழுவின் மனமார்ந்த நன்றி. அவர்கள் பிடித்து வைத்திராவிட்டால் பின்னால் வந்த பணத்துக்கு வேலையே இருந்திருக்காது.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பழைய ரயில்பாதையை அகற்றினோம். எஃகுச் சட்டகத்தைச் சோதித்து, அரித்த இடங்களைச் சரிசெய்தோம். வேறிடத்தில் வார்த்து வந்த கான்கிரீட் பலகைகளை வரிசையாகப் பதித்து, ஓரங்களில் கைப்பிடிக் கம்பி அடைத்தோம். சக்கர நாற்காலியில் வருவோரும் இக்கரையிலிருந்து அக்கரைவரை தடையின்றிப் போகலாம்.

பொகிப்ஸி ஆற்றங்கரையிலிருந்து மேலே வர 2014-ல் லிஃப்ட் அமைந்தது. அது வந்ததால் ரயில் நிலையத்தில் இறங்குவோர் மேட்டுத் தெருக்களைச் சுற்ற வேண்டியதில்லை. இரு கரையிலும் உள்ள பழைய ரயில்தடப் பாதைகளோடும் பாலம் பின்னர் இணைக்கப்பட்டது. எஃகைத் தொடர்ந்து சோதித்துப் பராமரிக்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். உறுப்பினர் சந்தாவை இந்த ஆண்டும் புதுப்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

– செயற்குழு